நிறுத்துக் கடிகாரம் எதை அளக்கிறது? – தொழிற்பொறியியல் பற்றி ஒரு திறனாய்வு

பொறியியற் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்வது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் நம் வீடுகளில் எழுகிறது. கட்டடம், எந்திரம், மின்சாரம், கணிப்பொறி ஆகிய பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 'தொழிற்பொறியியல்' என்றொரு பிரிவு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களும் அது தொழிற்சாலையை நிர்வகிக்கும் படிப்பு என்று எண்ணி அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகின்றனர்.

எந்திரப் பொறியாளர் எந்திரத்தை வடிவமைக்கிறார். மின் பொறியாளர் அதற்கு மின்சாரம் தருகிறார். அந்த எந்திரமும், அதில் செல்லும் பொருளும், அதை இயக்கும் மனிதரும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் முறையை வடிவமைப்பவரே தொழிற்பொறியாளர். பொருள் எங்கே தேங்குகிறது, மனிதர் எங்கே வீணாக நடக்கிறார், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகவேண்டும் என்பன அவருடைய கேள்விகள்.

இத்துறைக்குப் பல பாடநூல்கள் உண்டு. இந்தியாவில் வேலை ஆய்வு கற்றவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டத்தில் புரட்டிய நூல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவிலிருந்து 1957இல் வெளியிட்ட 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஒர்க் ஸ்டடி', அதாவது 'வேலை ஆய்வு: ஓர் அறிமுகம்'. அதன் நான்காம் திருத்திய பதிப்பு 1992இல் வந்தது. தொழிற்பொறியியல் முழுவதையும் இந்நூல் சொல்வதில்லை. ஆயினும் அத்துறையின் வேர் இதில் இருக்கிறது. அதன் வலிமையையும் குறையையும் இதிலேயே காணலாம். ஆகவே இந்நூலை முன்வைத்துத் துறையை எடைபோடுவது மாணவர்களுக்குப் பயன்தரும் என்று கருதுகிறேன்.

இந்நூலுக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. 1952–54 ஆண்டுகளில் இதே அமைப்பின் உற்பத்தித்திறன் குழு இந்தியாவுக்கு வந்து, நெசவாலைகளிலும் பொறியியல் ஆலைகளிலும் இம்முறைகளைச் செய்து காட்டியது. கோவையில் தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகம் 1956இல் தோன்றியது. தேசிய உற்பத்தித்திறன் குழு 1958இல் அமைந்தது. பம்பாயில் தொழிற்பொறியியலுக்கென்றே ஒரு தேசியக் கழகம் 1963இல் நிறுவப்பட்டது.

ஐந்து குறிகளும் ஐந்து வினாக்களும்

நூலின் ஒரு பகுதி 'முறை ஆய்வு'. எந்த வேலையையும் ஐந்து குறிகளால் எழுதிவிடலாம் என்கிறது அது. செயலுக்கு வட்டம், சோதனைக்குச் சதுரம், இடமாற்றத்துக்கு அம்பு, காத்திருத்தலுக்கு ஆங்கில 'டி' எழுத்து, சேமிப்புக்கு முக்கோணம். இப்படி எழுதிய பின் ஒவ்வொரு படியையும் ஐந்து வினாக்களால் சோதிக்க வேண்டும். இது எதற்காக? ஏன் இந்த இடத்தில்? ஏன் இப்போது? ஏன் இவர்? ஏன் இப்படி?

இதை நம் ஊரிலேயே செய்து பார்க்கலாம். காரைக்காலில் அரசலாற்றங்கரையில் உள்ள மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மாணவர் காலைப்பொழுதில் நின்று, ஒரு பெட்டி மீனின் பயணத்தை இக்குறிகளால் எழுதட்டும். படகிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து ஏல இடத்துக்கு, அங்கிருந்து ஐஸ் போடும் இடத்துக்கு, பிறகு வண்டிக்கு என்று அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையிடையே காத்திருத்தல் குறிகள் வரும். மீனுக்கு உண்மையில் ஏதாவது நிகழும் வட்டங்கள் மிகச் சிலவே என்பதை அவர் காண்பார். ஏலத்துக்கு முன்பே ஐஸ் போட்டால் என்ன, பெட்டியைத் தரையில் இறக்காமல் நேரே சக்கரப் பலகையில் வைத்தால் என்ன என்ற கேள்விகள் தாமாக எழும். விடை எதுவாயினும், கேள்வி எழுந்தது முறை ஆய்வின் பயன்.

இங்கே இயற்பியல் மாணவர் ஒன்றை நினைவுகூரலாம். சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடப்பவர், ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி என்று பாடத்தில் படிக்கிறோம். 'அப்படியானால் அவருக்கு ஏன் வியர்க்கிறது?' என்று வகுப்பில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. தொழிற்பொறியியலும் அந்த அம்புக்குறியைப் பார்த்து, இதனால் பொருளின் மதிப்பு கூடவில்லை என்கிறது. இரு துறைகளும் சுழி என்று எழுதும் இடத்தில் ஒரு மனிதர் களைத்துப் போகிறார். அந்த அம்பைச் சுருக்கினால் யாருக்கும் நட்டமில்லை, அவருக்கு இலாபம்.

எண்களாலும் பார்ப்போம். 40 கிலோகிராம் நெல் மூட்டையை 1.2 மீட்டர் உயர்த்தத் தேவையான வேலை ஏறத்தாழ 470 ஜூல். ஆயிரம் மூட்டைகளை ஒருமுறை வீணாக இறக்கி ஏற்றினால் 4,70,000 ஜூல், அதாவது சுமார் 112 கிலோகலோரி. நம் தசைகளின் திறன் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், இதற்கு 560 கிலோகலோரி உணவு எரிய வேண்டும். உடலைக் குனிந்து நிமிர்த்தும் வேலை இக்கணக்கில் சேரவில்லை. திட்டமிடாத ஓர் இறக்கம், தொழிலாளியின் ஒரு வேளைச் சாப்பாட்டையே தின்றுவிடுகிறது.

இப்பகுதியின் பெருமையைக் காட்ட இரண்டு சான்றுகள் போதும். அமெரிக்கரான பிராங்க் கில்பிரெத், செங்கல் கட்டும் கொத்தனாரின் அசைவுகளை ஆராய்ந்தார். ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டன. செங்கலும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்குமாறு சாரத்தை மாற்றியமைத்ததும் அவை ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 செங்கற்கள் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது. கொத்தனார் வேகமாக வேலை செய்யவில்லை, குனிவதை நிறுத்தினார்.

இரண்டாவது சான்று நம் தமிழ்நாட்டுடையது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஒருவருக்கு முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியுடன் அடுத்த மேசைக்குத் திரும்பிவிடுவார். கண்ணில் செய்யும் வேலையின் நேரத்தை யாரும் குறைக்கவில்லை. மருத்துவர் காத்திருக்கும் நேரம்தான் போயிற்று. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் மற்ற படிகளை ஏற்றுக்கொண்டனர். கட்டணம் செலுத்த இயலாத பலருக்குப் பார்வை கிடைத்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். புதுச்சேரியில் அதன் கிளை 2003இல் தொடங்கியது.

காத்திருத்தலின் கணக்கு

காத்திருத்தலைப் பற்றி நூல் குறி மட்டுமே தருகிறது. அதன் கணிதம் பின்னால் வளர்ந்தது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி மிக எளியது: ஓர் அமைப்பில் தேங்கியிருக்கும் எண்ணிக்கை, வரும் வீதத்தையும் சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும்.

நம் டெல்டாவில் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் நெல் குவிந்து கிடப்பதையும், மழை வந்தால் தார்ப்பாய் தேடி ஓடுவதையும் யாவரும் அறிவோம். ஒரு நிலையத்தில் நாளுக்கு 800 மூட்டைகள் எடை போடப்படுகின்றன, 10,000 மூட்டைகள் வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் வந்தவர் 12 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அறுவடை எந்திரம் வந்தபின் வயலில் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. முன்பு வயலில் பரவியிருந்த காத்திருப்பு இப்போது முழுவதும் எடைமேடைக்கு முன்னால் வந்து நிற்கிறது. இன்னோர் எடைமேடை வைத்தால் போதுமா? எடை போட்ட மூட்டைகளை ஏற்றிச் செல்ல லாரி வராவிட்டால் அதுவும் பயன்படாது. எந்தப் படி மிக மெதுவானதோ அதுவே முழு அமைப்பின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது தொழிற்பொறியாளரின் வேலை. இத்தகைய கணக்குக்குத் தொழிற்சாலை தேவையில்லை என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் கடைசல் எந்திரத்தையும் திருகாணியையுமே சுற்றி வருகின்றன.

கடிகாரம் கையில் வந்தபின்

நூலின் மற்றொரு பகுதி 'வேலை அளவீடு'. எனக்கு மாறுபாடு தோன்றுவது இங்கேதான்.

முறை இதுதான். தொழிலாளி ஒருவர் ஒரு வேலையைச் செய்வதை நிறுத்துக் கடிகாரத்தால் பலமுறை அளக்க வேண்டும். இது கண்ட நேரம். அவர் வேகமானவரா மெதுவானவரா என்பதைப் பார்வையாளர் மதிப்பிட்டு ஓர் எண் தர வேண்டும். இயல்பான வேகத்துக்கு 100; அதற்குக் குறைந்தால் 90, 80; கூடினால் 110, 120. கண்ட நேரத்தை இவ்வெண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால் அடிப்படை நேரம். சொந்தத் தேவைக்கும் களைப்புக்கும் சில விழுக்காடு கூட்டினால் நிர்ணய நேரம். அன்றாட இலக்கும், பல இடங்களில் ஊக்கத்தொகையும் இதை வைத்தே முடிவாகின்றன.

எடுத்துக்காட்டாக, கண்ட நேரம் 30 வினாடி. சலுகை 15 விழுக்காடு. பார்வையாளர் ஒருவர் தொழிலாளியின் வேகத்துக்கு 90 தருகிறார். நிர்ணய நேரம் 31.05 வினாடி, எட்டு மணி நேரத்துக்கு இலக்கு சுமார் 927 உருப்படிகள். அதே தொழிலாளியை அதே நாளில் பார்த்த மற்றொருவர் 110 தருகிறார். நிர்ணய நேரம் 37.95 வினாடி, இலக்கு சுமார் 759. கடிகாரம் இருவருக்கும் ஒரே 30 வினாடியைத்தான் காட்டியது. 168 உருப்படிகளின் வேறுபாடு முழுவதும் பார்ப்பவரின் கண்ணில் பிறந்தது.

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவர், விடையோடு பிழை வரம்பையும் எழுத வேண்டும் என்கிறோம். எழுதாவிட்டால் மதிப்பெண் குறைக்கிறோம். மனிதரின் கூலியைத் தீர்மானிக்கும் எண்ணோ இரண்டு தசம இடங்களுடன், பிழை வரம்பு இல்லாமல் தொழிற்கூடத்தின் பலகையில் ஏறிவிடுகிறது.

நூலாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. வேக மதிப்பீடு என்பது பார்வையாளரின் மனத்திலுள்ள ஓர் அளவோடு ஒப்பிடுவதே என்று அவர்களே விளக்குகின்றனர். தொழிலாளிக்குத் தெரியாமல் மறைந்து நின்று நேரம் எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கின்றனர். முதற் பதிப்புகளில், வீணாகும் நேரத்துக்கான காரணங்களை வரிசைப்படுத்தும்போது பொருளின் வடிவமைப்பு, செய்முறை, நிர்வாகத்தின் குறை ஆகிய மூன்றையும் முன்னே வைத்து, தொழிலாளியின் குறையைக் கடைசியில் வைக்கின்றனர். இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் அந்த 'மனத்திலுள்ள அளவு' எங்கிருந்து வந்தது? சுமையின்றிச் சமதளத்தில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பது 100 என்ற வேகத்துக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. இது மிதவெப்ப நாடுகளின் அனுபவத்தில் பிறந்த எண். கடற்காற்றின் ஈரமும் வைகாசி வெயிலும் சேர்ந்த நம் கரையோரத்தில் ஒருவர் நாள் முழுவதும் அப்படி நடக்க முடியுமா? வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சலுகை தரும் அட்டவணை பிற்சேர்க்கையில் இருக்கிறது. அந்த அட்டவணையைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் தொழிலாளி அல்லர்.

இந்தக் குறையைத் தவிர்க்க வேறொரு வழி வந்தது. கையை நீட்டுதல், பற்றுதல், நகர்த்துதல் என்று ஒவ்வோர் அசைவுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்த அட்டவணைகள் 1948இல் வெளியாயின. அவற்றின் அலகு ஒரு மணி நேரத்தின் இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 வினாடி. இவ்வளவு நுண்ணிய அலகைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த அட்டவணைகளைத் தயாரிக்கத் திரைப்படச் சுருளில் பதிவு செய்த வேலைகளுக்கும் வேக மதிப்பீடு தரப்பட்டது. மதிப்பீடு மறையவில்லை, அட்டவணைக்குள் புதைந்துகொண்டது.

இவ்வழக்கு புதிதன்று. 1911இல் பிரெடெரிக் டெய்லர் எழுதிய 'அறிவியல் மேலாண்மைக் கொள்கைகள்' என்ற நூலில், 'ஷ்மிட்' என்று அவர் பெயரிட்ட தொழிலாளி நாளுக்கு 12.5 டன் இரும்புப் பாளம் சுமந்த இடத்தில் 47.5 டன் சுமந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. உழைப்பின் விளைவு 3.8 மடங்கு, கூலி 1.6 மடங்கு. மீதி யாருக்குச் சென்றது என்று டெய்லரின் நூலைப் படிப்பவர் கேட்காமல் இருக்க முடியாது. அதே 1911இல் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தி, 1915இல் இராணுவ ஆலைகளில் நிறுத்துக் கடிகார ஆய்வுக்குச் செலவிடுவதைத் தடை செய்தது.

இன்று நம்மிடையே இக்கேள்வி உயிரோடு இருக்கும் இடம் ஆயத்த ஆடைத் தொழில். திருப்பூரிலும் சென்னையைச் சுற்றியும் உள்ள பெரிய ஆடை ஆலைகளில் 'ஐ.இ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிவு உண்டு. ஒரு சட்டைக்கு எத்தனை நிர்ணய நிமிடம் என்று கணக்கிட்டு, தையல் வரிசையைச் சமப்படுத்தி, மணிக்கு இவ்வளவு என்று 'டார்கெட்' வகுப்பது அப்பிரிவின் பணி. அயல்நாட்டு வணிகரிடம் விலை பேசவும் அதே நிமிடக் கணக்குதான் அடிப்படை. விலை இறங்கும்போது நிமிடத்தைக் குறைக்கும்படி நெருக்கடி வருவது இயல்பு. அந்த நெருக்கடியின் முன் அமரப் போகிறவர் இன்று கல்லூரியில் படிக்கும் நம் மாணவர். எந்திரத்தின் இடத்தை மாற்றி, துணிக்கட்டு வரும் வழியைச் சுருக்கி நிமிடத்தைக் குறைக்கலாம். வேக மதிப்பீட்டில் 110 என்பதை 95 ஆக எழுதியும் குறைக்கலாம். தாளில் இரண்டும் ஒரே விடையைத் தரும். தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல.

கூலோம் கேட்ட கேள்வி

மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசையின் விதிக்காக நாம் அறிந்த பிரெஞ்சு அறிஞர் கூலோம், மனிதர் உழைப்பைப் பற்றியும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆய்வுரை எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் கேட்டது, மனிதரிடமிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதன்று. ஒரே அளவு களைப்புக்கு மிகுந்த வேலை கிடைக்கும் முறை எது என்பதே அவர் கேள்வி. சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் நாள் முழுவதற்குமான பயன் குறைந்துவிடும் என்பதை அவர் காட்டினார்.

கூலோமின் பின்னத்தில் களைப்பு பகுதியில் இருக்கிறது. இன்றைய உற்பத்தித்திறன் கணக்கில் பகுதியில் இருப்பது நேரம், அல்லது கூலி. களைப்பு, ஒரு சில விழுக்காடு சலுகையாகக் கடைசியில் ஒட்டப்படுகிறது. நூல் அடிப்படைக் களைப்புக்கெனக் காட்டும் வழக்கமான அளவு 4 விழுக்காடு. உடலுழைப்பின் இயற்பியலும் உடலியலும் அதன்பின் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. இதயத் துடிப்பையும் உயிர்வளிச் செலவையும் அளக்கும் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றின் துணையோடு களைப்பை முன்னே கொண்டுவரும் பாடத்திட்டம் நமக்குத் தேவை.

படிப்பும் வேலையும்

சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொழிற்பொறியியலுக்கெனத் தனித்துறை உள்ளது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உற்பத்திப் பொறியியல் துறையின்கீழ் இதில் முதுநிலை கற்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கு இளநிலைப் பட்டமே உண்டு. 'கேட்' தேர்விலும் உற்பத்தி, தொழிற்பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. காரைக்கால் திருவேட்டக்குடியில் 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரவியல் பிரிவு உண்டு. எந்திரவியல் கற்பவரும் பின்னர் இத்துறைக்கு வரலாம். மோட்டார் வாகன ஆலை, ஆடை ஆலை, மருத்துவமனை, கிடங்கு, துறைமுகம் என்று இவர்களைத் தேடும் இடங்கள் பல. நம் ஊருக்கு வடக்கேயும் தெற்கேயும் உள்ளோர் அறிந்த காரைக்கால் துறைமுகமும் 2009 முதல் இயங்குகிறது. கப்பல் காத்திருக்கும் நேரத்துக்கு விலை உண்டு என்பதைத் துறைமுகத்தைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் இல்லை.

படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல தேர்வுத்தாள்களில் 'வேக மதிப்பீடு 110, சலுகை 15 விழுக்காடு. நிர்ணய நேரத்தைக் கணக்கிடுக' என்று ஒரு கணக்கு வருகிறது. பெருக்கத் தெரிந்தவர் முழு மதிப்பெண் பெறுவார். 110 எப்படி வந்தது என்பதல்லவா பாடம்? அதை வினாத்தாளே கொடுத்துவிட்டால், மாணவர் அதை இயற்கை மாறிலி என்று நம்பி வேலைக்குப் போகிறார். பம்பாயில் தொழிற்பொறியியலுக்காக நிறுவிய தேசியக் கழகமும் 2023 முதல் மும்பை இந்திய மேலாண்மைக் கழகமாகிவிட்டது. பொறியியல் மெல்ல மேலாண்மைக்குள் கரைகிறது. அளப்பவரும் ஆணையிடுபவரும் ஒருவரே ஆகும்போது, அளவையின் ஐயங்களைச் சொல்ல யார் இருப்பார்?

நூலைப் பற்றிய என் முடிவு இதுதான். முறை ஆய்வுப் பகுதியைக் கல்லூரி மாணவர் மட்டுமன்றி, கூட்டுறவுச் சங்கச் செயலாளரும், மருத்துவமனை மேற்பார்வையாளரும், பள்ளிச் சத்துணவுப் பொறுப்பாளரும் படிக்க வேண்டும். அதைத் தமிழில், நெல்லும் மீனும் தையலும் எடுத்துக்காட்டாக வரும்படி யாரேனும் எழுதினால் பெரும் பயன் விளையும். வேலை அளவீட்டுப் பகுதியைப் படிப்பவர், நிர்ணய நேரம் இருதரப்பும் கூடிச் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு என்று ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிக்க வேண்டும். உடன்பாடு என்று தெரிந்தால், தொழிலாளியையும் அருகில் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது தானே விளங்கும்.

இத்துறையில் சேர விரும்பும் மாணவர் சேருவதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். வீட்டுச் சமையலறையிலோ, தெருமுனைத் தேநீர்க் கடையிலோ ஒரு மணி நேரம் நின்று, நடப்பதை ஐந்து குறிகளால் எழுதிப் பார்க்கட்டும். கடிகாரம் வேண்டாம். அம்புகளையும் காத்திருத்தல்களையும் கண்டதும் எதை மாற்றலாம் என்று மனம் பரபரத்தால், இத்துறை அவருக்கு ஏற்றது. மாற்றியபின் அங்கே வேலை செய்பவருக்கு முதுகுவலி குறைந்ததா என்றும் கேட்கத் தோன்றினால், அவர் இத்துறைக்கு ஏற்றவர்.